கடுகளவு மனிதர்

பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் பிடித்தபடி மார்த்தா அம்மா குனிந்திருந்தார். சாப்பாட்டு மேஜை முழுக்க நாங்கள் கொண்டுபோன படங்கள் பரப்பிக் கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் மழை விட்ட வெயில். அடுப்படியிலிருந்து கேக் வேகும் வாசனை.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு "ஆகா" போட்டுக்கொண்டே வந்தவர், பதினேழாவது படத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியை நகர்த்தினார். திரும்பவும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். படத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார்.

"இதுல ஒரு ஆள் நின்னாகளே," என்றார். "எங்க போனாக?"

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மச்சான் என்றால் என் கணவர் காதர். எங்கள் ஜனத்தில் பல வீடுகளில் கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஆளாம்மா?" என்றார் மச்சான். "இதுல வெறும் வீடுதானே இருந்துச்சு?"

"மேல் வீட்டு ஜன்னல்ல. கடுகளவுக்கு நின்னாக."

கடுகளவு கறுப்புப் புள்ளி. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதை அழித்தவளே நான்தான்.

முகம் திருத்துகிறவள்

"உங்கள் வீட்டுக்காரர் படம் எடுத்தார், சரி, நீங்கள் ஸ்டுடியோவில் என்னதான் செய்தீர்கள்?" என்று பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். இந்த வாரம் அவருக்குப் பதில் சொல்லிவிடலாம். நான் முகம் திருத்தினேன்.

பாலக்காட்டுக் கடைவீதியில் எங்கள் ஸ்டுடியோ. முன்னால் படம் எடுக்கும் அறை, நடுவில் இருட்டறை, பின்னால் வீடு. இருட்டறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு நடை, அதில் வெளிப்பக்கம் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னலடியில் என் சாய்வு மேஜை. மேஜை நடுவே சதுரமாக வெட்டி, அடியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருப்பார் மச்சான். வெளிச்சம் அதில் பட்டு மேலே வரும். அதன் மேல் படத்தின் கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தால், உலகமே எனக்குத் தலைகீழ்.

தலைகீழ் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தகட்டில் வெள்ளை கறுப்பாகத் தெரியும், கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கன்னத்தில் ஒரு கறுப்பு மரு இருந்தால், தகட்டில் அந்த இடம் வெறும் கண்ணாடியாக, ஓட்டை மாதிரி இருக்கும். அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் படத்தில் மரு இருக்காது. சின்ன ஓட்டை என்றால் தகட்டில் கொஞ்சம் பிசின் வார்னிஷ் தடவி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அடைப்பேன். பென்சிலுக்கு அடங்காத ஓட்டை என்றால் ஒற்றை முடித் தூரிகையில் சிவப்புச் சாயம் தொட்டு வைப்பேன். பென்சில் மேலோடு நிற்கும். சாயம் உள்ளே இறங்கிவிடும். இறங்கியது இறங்கியதுதான்.

அம்மைத் தழும்பை அழித்திருக்கிறேன். கழுத்துச் சுருக்கத்தை நீக்கியிருக்கிறேன். ஒன்றரைக் கண்ணை நேராக்கிக் கல்யாணம் முடித்து வைத்திருக்கிறேன். அந்த மாப்பிள்ளை வீட்டார் என்னைத் தேடி வரவில்லை என்பதால், பெண் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒருவர்தான் திரும்பி வந்தார். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயி. ஐந்தடி ஆள், ஆறடிக் குரல். படத்தை மச்சான் முன்னால் வைத்து, "ஏனுங்க, என்ற மரு எங்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கட்டும்னு எடுத்துட்டோங்க," என்றார் மச்சான்.

"அதை எடுக்க நீங்க ஆருங்க? அந்த மரு வந்தப்பறந்தானுங்க எங்க கெணத்துல தண்ணி ஊறுச்சு!"

திரைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த நான், வாயைப் பொத்திக்கொண்டு படத்தை வாங்கி மசியால் மருவை வைத்துக் கொடுத்தேன். நிஜ மருவைவிடச் சற்றுப் பெரிதாகவே விழுந்துவிட்டது. அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இப்பத்தானுங்க நானு," என்று போனார்.

அன்று அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டேனே தவிர, பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

துரைச்சாணியின் தமிழ்

மூணாறிலிருந்து கடிதம் வந்தது ஒரு ஆடி மாசத்தில். பழைய படங்கள் கொண்ட ஆல்பம் ஒன்று இருக்கிறது, அதை வெளியே அனுப்ப இயலாது, வீட்டுக்கே வந்து பிரதி எடுத்துத் தர முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டிருந்தது. மூணாறிலேயே ஆள் இருக்கும்போது எங்களை ஏன் கூப்பிட வேண்டும் என்று யோசித்தோம். பிறகுதான் தெரிந்தது. நான் திருத்திய படம் ஒன்றை எஸ்டேட் டாக்டர் வீட்டுச் சுவரில் கடிதம் எழுதியவர் பார்த்திருக்கிறார்.

"நீயும் வா," என்றார் மச்சான். "ஒருத்தர் பிளேட் மாத்திக் கொடுக்கணும்."

எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. கல்யாணமாகி வந்த பிறகு பாலக்காட்டுக் கோட்டையைத் தாண்டிப் போனதில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கேமராப் பெட்டி காலடியில், இரண்டு டஜன் கண்ணாடித் தகடுகள் மடியில், உடுமலை வழியாக மலையேறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மச்சான் என்னைப் பிடித்துக்கொள்ள, நான் தகடுகளைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் ஒரு வெள்ளைக்காரம்மா நின்றார். ஐம்பது தாண்டிய வயது. ஆண்பிள்ளை பூட்ஸ். மச்சான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த இங்கிலீஷ் வாக்கியத்தை எடுத்துவிட்டார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பஸ்ஸுல வந்தது மேலெல்லாம் நோவுமே. மொதல்ல வெந்நித் தண்ணி குடிங்க. செல்லத்தாயீ! ஆள் வந்தாச்சு, என்ன செய்யுத?"

மச்சானின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

மார்த்தா அம்மா அதே பங்களாவில் பிறந்தவர். தகப்பனார் எஸ்டேட் துரை. வளர்த்தது திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆயா. தமிழ் அந்த ஆயாவுடையது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தார். தொழிலாளர் லயங்களில் பிறந்த குழந்தைகளில் பாதியை அவர்தான் கையில் வாங்கினார் என்று சமையல் பார்த்த செல்லத்தாயி சொன்னாள். அவளையும் அவர்தான் வாங்கியிருக்கிறார்.

பாறைக்குள் ஒரு ஊர்

ஆல்பம் தோல் அட்டை போட்டது. திறந்தால் பழைய காகிதமும் கற்பூரமும் கலந்த மணம். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், இருபத்திரண்டு படங்கள், எல்லாம் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில்.

முதல் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாறை, பாறை, பாறை. கண் பழகியதும் பாறையின் வயிற்றில் ஒரு வீடு தெரிந்தது. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஊரே தெரிந்தது. செங்குத்தான மலை ஒன்று குடைபோல முன்னால் கவிந்திருக்க, அதன் நிழலில் கல் வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி. சதுர ஜன்னல்கள். ஒரு கோபுரம். ஏணி ஏதும் இல்லை. மேல் வரிசை வீடுகளுக்கு எப்படித்தான் ஏறினார்களோ!

"இது எந்த ஊரும்மா?"

"அமெரிக்கா. வெள்ளைக்காரன் போறதுக்கு எத்தனையோ நூறு வருசம் முந்தி கட்டுன ஊருக."

"கட்டினவங்கல்லாம் செத்துட்டாங்களா?"

"கட்டுனவுக செத்தாக. அவுக பேரப்புள்ளைக இன்னும் அங்கனதான் வேற ஊர்கள்ல இருக்காக. வெதைக்காக, அறுக்காக, பானை செய்யுதாக. பாழடஞ்சது வீடுதான், சனமில்ல."

போன நூற்றாண்டில் அந்த நாட்டு சர்க்கார் நிலம் அளக்க சர்வே கோஷ்டிகளை அனுப்பியதாம். கூடவே படம் எடுக்க ஒருவரையும். அந்தக் காலத்துத் தகடு எங்களுடையதைப் போல டப்பாவில் வருவதல்ல. அந்த இடத்திலேயே கண்ணாடியில் மருந்தை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கூடாரத்தில் கழுவ வேண்டும். அத்தனை கண்ணாடியையும் மருந்தையும் கோவேறு கழுதைகள் சுமந்தன.

மச்சான் ஆல்பத்தின் முன்னால் கைகட்டி நின்றுவிட்டார். "பைப்புத் தண்ணியை வச்சுக்கிட்டு நாமளும் படம் புடிக்கிறோம்னு சொல்லிக்கிறோமே!"

"அந்தக் கழுதைகளை ஓட்டினது யாரு தெரியுமா?" என்றார் மார்த்தா அம்மா. "எங்கம்மாவப் பெத்த அப்பா."

மேற்கொண்டு என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் செல்லத்தாயி கத்தினாள்: "அம்மா! வெயிலு! வெயிலு வந்துட்டு!"

மூன்று நாளாக நாங்கள் அந்த வெயிலுக்குத்தான் காத்துக் கிடந்தோம். ஆடி மாசத்து மூணாறில் பகலென்றால் பஞ்சுப் பொதிக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஆல்பமோ மறுநாள் கொச்சிக்குப் போய்க் கப்பலேற வேண்டும். தாயாரின் உயிலில் அது தம்பிக்கு என்று இருந்தது. தம்பி அமெரிக்காவில். ஆகவே பேச்சு நின்றது, வேலை ஓடியது. வராந்தாவில் ஆல்பத்தை நிமிர்த்தி வைத்து மச்சான் கறுப்புத் துணிக்குள் தலையை விட, நான் தகடு மாற்ற, செல்லத்தாயி வாய்விட்டு எண்ண, இரண்டு மணி நேரத்தில் இருபத்திரண்டும் முடிந்தன. கடைசிப் படம் முடிந்து துணியிலிருந்து மச்சான் தலையை எடுத்தபோது எதிரிலிருந்த மலை மறைந்துவிட்டது.

அவர் சொல்ல வந்ததைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

துப்பட்டிக்குள் தலை

இறங்கும்போது மறையூரில் பஸ் கொதித்து நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார்கள். எதிரில் மொட்டைப் பாறை மேல் கல் பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகை போட்டு மூடிய சின்னச் சின்ன அறைகள். முனியறை என்றார்கள். யார் கட்டியது, எப்போது என்று பஸ்ஸில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாளும் பாறை வீடுகளையே பார்த்த கண்களுக்கு அவை சொந்தக்காரர் வீடு மாதிரி இருந்தன.

"ரெண்டு பிளேட் மிச்சம் இருக்கு," என்றார் மச்சான். "போய் அது பக்கத்துல நில்லு. அளவுக்கு ஆள் வேணும்."

பாறை மேல் ஏறி நின்றேன். காற்று துப்பட்டியைப் பாய் மாதிரி விரித்தது. அந்தப் படத்தில் நான் மிளகளவு இருந்தேன்.

அப்புறம் சின்னாறு. அப்போது பாலக்காடு மதராஸ் ராஜ்யத்தில், மூணாறு திருவிதாங்கூர்-கொச்சியில். எல்லை தாண்டும் இடத்தில் செக்போஸ்ட். புதிதாக வேலைக்கு வந்த ஒரு காவல்காரர் ஏறினார். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. நேராக என் மடிக்கு வந்தார்.

"பெட்டியில் எந்தா?"

"போட்டோ பிளேட்டுங்க. இன்னும் கழுவலை. தொறந்தா வெளிச்சம் பட்டு அத்தனையும் போயிரும்," என்றார் மச்சான்.

"தொறக்கணும்."

மச்சான் கெஞ்சினார். மலையாளத்தில் கெஞ்சினார், தமிழில் கெஞ்சினார். பார்க்காமல் விட முடியாது என்றார் அவர். அவர் மேல் குற்றமில்லை. சந்தனக்கட்டை கடத்துகிற வழி அது. ஆனால் ஆல்பம் இந்நேரம் கொச்சிக்குப் பாதி தூரம் போயிருக்கும். அவர் கை பெட்டியின் கயிற்றுக்கு வந்துவிட்டது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. பெட்டியை இழுத்துத் துப்பட்டிக்குள் வைத்து மூடினேன்.

"பாருங்க தம்பி, தாராளமா பாருங்க. இருட்டுலதான் தொறக்க முடியும். இருட்டு இதுக்குள்ளதான் இருக்கு. தலையை உள்ள விட்டுப் பாத்துக்குங்க, வாங்க!"

பின்சீட்டில் ஒரு கிழவர் களுக்கென்றார். அவ்வளவுதான், பஸ்ஸே குலுங்கியது. காவல்காரரின் முகம் காது வரை சிவந்தது. டிரைவரிடம் என்னவோ அதட்டிவிட்டுக் குதித்து இறங்கிவிட்டார்.

உடுமலை வரும்வரை மச்சான் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "யா ரப்பே, நான் யாரைக் கட்டியிருக்கேன்!"

தாத்தா

இருபத்திரண்டு தகடுகளும் பழுதில்லாமல் கழுவி வந்தன. பிறகு என் வேலை. ஆல்பம் ஐம்பது அறுபது வருஷம் மலை ஈரத்தில் இருந்தது. படத்துக்குப் படம் பூஞ்சைப் புள்ளி, பூச்சி எச்சம், ராமபாணப் பூச்சி அரித்த தடம். ஒரு வாரம் மேஜையை விட்டு எழுந்திருக்காமல் ஒவ்வொன்றாக அடைத்தேன். பதினேழாவது தகட்டில், மேல் வீட்டு ஜன்னலில் ஒரு புள்ளி. பூச்சி எச்சம் என்று நினைத்தேன். அடைத்தேன். ஜன்னல் சுத்தமாயிற்று. அதைப் பார்த்து எனக்கு நானே மெச்சிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

இருபத்துமூன்றாவது தகட்டில் பாறை மேல் மிளகளவு நின்ற என்னை மட்டும் நான் பூச்சி என்று நினைக்கவில்லை.

மறுபடி அந்தச் சாப்பாட்டு மேஜைக்கு வருகிறேன்.

"என் தப்புதாம்மா," என்றார் மச்சான். "கழுவுறப்ப மருந்து கூடிப்போயிருக்கும்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்காகச் சொன்ன பொய். அதை அப்படியே விட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தம்மா படத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். விடத் தோன்றவில்லை.

"இல்லம்மா. நான்தான் அழிச்சேன். பூச்சி எச்சம்னு நெனச்சுட்டேன்."

மார்த்தா அம்மா என்னையே பார்த்தார்.

"பூச்சியா?" என்றார். "அது எங்க தாத்தா."

அவரும் உட்கார்ந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். தாத்தாவுக்கு வேறு படமே கிடையாதாம். தாயார் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். படமெடுப்பவர் எடுத்த படங்களிலெல்லாம் கழுதைகள் இருந்தன, கழுதைக்காரர் இல்லை. ஒன்றே ஒன்றில்தான் அவர் மேல் வீட்டு ஜன்னலில் நின்றார்.

"எங்கம்மா வெரலை வச்சுக் காட்டுவாக. வெரலை வச்சா தாத்தா மறைஞ்சிருவாக. எடுத்தா தெரிவாக. அம்புட்டுத்தான் அவுக." ஆட்காட்டி விரலைப் படத்தில் வைத்தார். எடுத்தார். அங்கே ஒன்றுமில்லை.

"தம்பிகிட்டக் கேட்டு அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லலாமே," என்றார் மச்சான்.

"அவன் எங்கிட்டப் பேசி வருசம் பன்னெண்டாச்சு. ஆல்பத்தைக் கேட்டதே வக்கீல் வழியாத்தான்."

செல்லத்தாயி கேக்கைக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

மச்சான் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "பென்சிலா, சாயமா?"

அதுதான் கேள்வி. பென்சில் என்றால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் போய்விடும், அடியில் இருப்பது இருந்தபடி இருக்கும். சாயம் என்றால் தாத்தா போனது போனதுதான். நான் யோசித்தேன். கண்ணை மூடி யோசித்தேன். அந்த வாரம் இரண்டையும்தான் கையில் வைத்திருந்தேன். நூற்றுக்கணக்கான புள்ளிகள். எதற்கு எது வைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

"ஞாபகமில்லை," என்றேன். அழுகை வந்துவிட்டது.

மார்த்தா அம்மா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "ஏட்டி, அழாத. போயிப் பாரு. இருந்தா வாரீக. இல்லாட்டியும் வாங்க, கேக்கு மிச்சம் இருக்கு."

சிவப்பா, சாம்பலா

இறங்கும் வழியில் உடுமலையில் மச்சான் சுடச்சுட வேர்க்கடலை வாங்கி என் மடியில் கொட்டினார்.

"சாயமா இருந்தா ஒண்ணும் கவலை இல்லை. நானே கப்பலேறிப் போய், அந்த ஜன்னல்ல ஏறி நின்னுக்கிறேன். நீ இங்கேருந்து எடு."

சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் துப்பட்டியைக்கூடக் கழற்றவில்லை. தகடுகள் இருந்த அலமாரிக்குப் போனேன். பதினேழாவதை உறையிலிருந்து எடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் போதும். அந்த இடம் சிவப்பாகத் தெரிந்தால் சாயம். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பென்சில்.

தகட்டை மச்சானிடம் நீட்டினேன்.

"நீங்க பாருங்க மச்சான்."

"உன் கண்ணுதான் கண்ணு. நீயே பாரு."

பிஸ்மில்லாஹ் என்று சொல்லித் தூக்கினேன்.

சாம்பல்.

"பென்சில்!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் அரிசிமாவுப் பத்திரி சுட்டுக்கொண்டிருந்த மாமியார் தோசைத் திருப்பியோடு ஓடிவந்தார். "என்ன புள்ள? பாம்பா?"

"இல்லை மாமி, தாத்தா!"

"எந்தத் தாத்தா?"

பதில் சொல்ல நேரமில்லை. பஞ்சில் டர்பன்டைனைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு தடவை துடைத்தேன். இன்னொரு தடவை. தகட்டை மேஜையில் வைத்துக் கண்ணில் லென்ஸை அழுத்தினேன். அந்தச் சின்னச் சதுர ஜன்னலுக்குள், வெறும் கண்ணாடியாக, மனிதர் நின்றிருந்தார். இப்போது பார்த்தால் எப்படித்தான் அதைப் பூச்சி என்று நினைத்தேனோ! இரண்டு கால். தோள். தலையில் ஒரு தொப்பி.

மச்சான் பார்த்தார். மாமியார் பார்த்தார். மாமியார் ஒன்றும் புரியாமலே, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பத்திரி கருகிப்போனது. அன்று அது எல்லாருக்கும் ருசித்தது.

சாயந்தரம் மச்சான் அந்த ஜன்னலை மட்டும் பெரிதுபடுத்தினார். முதலில் தபால் அட்டை அளவுக்கு. பிறகு அதற்கும் பெரிதாக. கடைசியில் எங்களிடம் இருந்த மிகப் பெரிய காகிதம் நிறைய. தட்டில் மருந்துக்குள் காகிதம் மிதக்க, சிவப்பு விளக்கடியில் தாத்தா மெல்ல மெல்ல மேலே வந்தார். நாங்கள் இருவரும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தோம். தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மச்சான்தான் சொன்னார்.

ஆளுக்கு ஒரு தாத்தா

மூன்றாவது தடவை மலையேறினோம். மார்த்தா அம்மா ஆஸ்பத்திரி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். முதலில் சின்னப் படத்தைக் கொடுத்தோம். பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. விரலை வைத்தார். எடுத்தார். வைத்தார். எடுத்தார். கண்களைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பிறகு பெரிய படத்தைச் சுருள் பிரித்துச் சுவரில் சாய்த்தோம்.

பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் ரவை ரவையாக உடைந்துவிடும். கிட்டத்தில் பார்த்தால் அது மனிதரே இல்லை, அரிசிமாவைத் தூவிய மாதிரி ஒரு நிழல். பத்தடி பின்னால் போனால்தான் ஆள். நாலு பேரும் பின்னால் போய் நின்றோம். நாலு பேருக்கும் நாலு விதமாகத் தெரிந்தது.

"கையைத் தூக்கி யாரையோ கூப்பிடறார்," என்றார் மச்சான்.

"இல்லை, தொப்பி பறக்காம பிடிச்சிருக்கார்," என்றேன் நான். பாறை மேல் நின்ற அனுபவம் எனக்கு இருந்தது.

"எனக்கு என்னமோ அவுக கழுதையைத் திட்டுதாகன்னு தோணுது," என்றார் மார்த்தா அம்மா.

செல்லத்தாயி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். எஸ்டேட்டில் செங்குத்துச் சரிவுகளில் கொழுந்து எடுத்து வளர்ந்தவள் அவள்.

"ஏம்மா, இந்தப் படத்துல ஏணி எங்க?"

ஏணி இல்லை. எந்தப் படத்திலும் இல்லை.

"அப்பம் அதுதான். வேடிக்கை பாக்க மேல ஏறிட்டாக. எறங்க வழி தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்காக. கீழ இருந்தவரு, சரி நில்லும்னு படத்தப் புடிச்சுட்டாரு."

நாங்கள் மறுபடி பார்த்தோம். அவள் சொன்ன பிறகு வேறு எதுவாகவும் தெரியவில்லை. முழங்கால் சற்று மடங்கி, ஒரு கை சுவரைப் பிடித்து, கீழே எட்டிப் பார்த்து, சத்தியமாக அவர் முழித்துக்கொண்டுதான் நின்றார்.

மார்த்தா அம்மா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் நாற்காலி. துரைமார்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பலேறியபோது, நீயும் வந்துவிடு என்று எத்தனையோ பேர் அவருக்கு எழுதினார்களாம். அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவரை ஒரு பதிலும் கிடைக்கவில்லையாம்.

"இப்பத்தான் தெரியுது," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "எங்க வம்சத்துக்கே ஏறத்தான் தெரியும். எறங்கத் தெரியாது."

செல்லத்தாயி விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வயிறு வலித்தது. கீழே ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. யார் கவனித்தது?

சிரிப்பு அடங்கி மணி பார்த்தபோது கடைசி பஸ் போய் நெடுநேரம் ஆகியிருந்தது. அன்று நாங்களும் இறங்கவில்லை.